தொலைபேசி இயக்குநர் பணிக்குத் தன்விவரக் குறிப்பு எழுதுவது எப்படி?



பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலை தேட வேண்டிய குடும்பச் சூழ்நிலை நம்மில் பலருக்கு உண்டு. வீட்டில் இதற்கு முன் எவரும் தன்விவரக் குறிப்பு எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே, தட்டச்சு செய்து தரும் கடைக்குச் சென்று, அங்கே ஆயத்தமாக வைத்திருக்கும் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வந்துவிடுகிறோம். "கடின உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர், பேச்சுத் திறன் மிக்கவர்" என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த வீட்டுப் பெண்ணின் விண்ணப்பத்திலும் இதே மூன்று வரிகள்தாம். அப்படியானால் நம்மைத் தேர்ந்தெடுப்பவர் எதைக் கொண்டு நம்மை அறிவார்? டெலிபோன் ஆபரேட்டர் எனப்படும் தொலைபேசி இயக்குநர் பணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பணியின் வரலாறு

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டு. தொடக்க கால இணைப்பகங்களில் சிறுவர்களையே வேலைக்கு வைத்தனர். அவர்களோ குறும்பு செய்தனர். அழைத்தவர்களிடம் கடுஞ்சொல் பேசினர். எனவே 1878 செப்டம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி இப்பணியில் அமர்த்தப்பட்டார். உலகின் முதல் பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. அவருடைய பொறுமையும் கனிந்த குரலும் அனைவரையும் கவர்ந்தன. பெண்களுக்கு ஒரு புதிய தொழிலின் கதவு திறந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனித உதவியின்றித் தானே இணைப்புத் தரும் பொறிக்கு 1891ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அவர் இறுதிச் சடங்கு நடத்தித் தரும் தொழில் செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் ஐயுற்றதே அக்கண்டுபிடிப்புக்குக் காரணம் என்பர். இனிய குரல் பெண்களுக்கு இவ்வேலையைத் தந்தது. நம்பிக்கை குன்றிய இடத்தில் பொறி வந்து நின்றது. இதை மனத்திற் கொள்வோம்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் இலட்சுமணபுரிக்கும் இடையே நேரடி அயலூர் அழைப்பு தொடங்கியது. எனினும் ஆண்டுகள் பல சென்ற பின்னும், டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததை நம் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த இணைப்புப் பலகைகள் இன்று இல்லை. ஆனால் அழைப்பை ஏற்றுப் பேசும் மனிதக் குரல் மறையவில்லை. மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் நிறுவனங்களிலும், 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி போன்ற சேவைகளிலும் அது தேவைப்படுகிறது.

வானதூதர் காட்டும் வழி

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951ஆம் ஆண்டு அதிதூதர் கபிரியேலைத் தொலைத்தொடர்புப் பணிகளுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். இதன் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். நற்செய்தியில் கபிரியேல் முதலில் மரியன்னைக்கு வாழ்த்துக் கூறுகிறார். அன்னை கலங்கியதைக் கண்டு அச்சத்தைப் போக்குகிறார். செய்தியைத் தெளிவாகச் சொல்கிறார். அன்னை கேட்ட வினாவுக்கு விடை தருகிறார். அன்னையின் மறுமொழியைக் கேட்ட பின்னரே அகல்கிறார். வாழ்த்து, ஆறுதல், தெளிவு, விளக்கம், பொறுமை ஆகிய இவ்வைந்தும் நல்ல தொலைபேசி இயக்குநரின் இலக்கணம் அன்றோ?

வேலை எதைக் கேட்கிறது?

நம் புதுச்சேரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முத்தியால்பேட்டை நகரின் வடக்கே இருக்கிறது; முதலியார்பேட்டை தெற்கே இருக்கிறது. பதற்றத்தில் ஒருவர் அழைக்கும்போது இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் காதில் விழும். பிழையாக எழுதிக்கொண்டால் வண்டி எதிர்த்திசையில் ஓடும்; ஓர் உயிர் காத்துக் கிடக்கும். கோரிமேட்டு ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனையை அழைப்பவர் கிராமத்து முதியவராக இருக்கலாம். ஆங்கிலம் மட்டுமே அறிந்த மருத்துவராகவும் இருக்கலாம். பிழையின்றிக் கேட்டல், திரும்பச் சொல்லி உறுதி செய்தல், ஊரையும் மொழியையும் அறிந்திருத்தல், கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் ஆகியவையே இவ்வேலை கேட்கும் திறமைகள். இவற்றுக்குச் சான்று தருவதே நம் குறிப்பின் நோக்கம்.

இங்கே ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தாற் போதும். கேட்டால் உடனே செய்து காட்டக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். இவ்வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசச் சொல்வார்கள். கேட்டு எழுதச் சொல்வார்கள். காகிதத்தில் உள்ள பொய் அங்கே இரண்டு நிமிடம்கூட நிற்காது.

குறிப்பின் பகுதிகள்

1. பெயரும் முகவரியும்: முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை மேலே இருக்கட்டும். விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் பெயர் வேண்டாம். தன் தொலைபேசி எண்ணிலேயே ஓர் இலக்கத்தைத் தவறவிட்டவரை எண்களோடு பழகும் வேலைக்கு யார் எடுப்பார்?

2. நோக்கம்: இரண்டு வரிகள் போதும். எந்த வேலையை நாடுகிறோம், அதற்கு நம்மிடம் உள்ள தகுதி யாது என்பதைச் சொன்னாலே நிறைவு.

3. கல்வி: கடைசியாக முடித்த வகுப்பை முதலில் எழுதுவோம். தட்டச்சுத் தேர்வு எழுதியிருந்தால் இளநிலையா, முதுநிலையா என்பதையும், ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதையும் குறிப்பிடுவோம். "தட்டச்சு தெரியும்" என்பதைவிட "நிமிடத்துக்கு 30 சொல்" என்பது வலிமையானது.

4. மொழிகள்: பேச, படிக்க, எழுத என மூன்றாகப் பிரித்துக் காட்டுவோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காரைக்காலுடன், மலையாளம் பேசும் மாகியும் தெலுங்கு பேசும் ஏனாமும் அடங்கும். நம் இல்லங்கள் சிலவற்றில் பிரெஞ்சு மொழியும் வழங்குகிறது. பேச மட்டுமே தெரிந்த மொழியானாலும் வெட்கப்படாமல் எழுதலாம். இப்பணியில் அதுவே செல்வம்.

5. திறமைகளும் அனுபவமும்: "வேலை பார்த்ததில்லையே, என்ன எழுதுவது?" என்று தயங்குவோர் பலர். வீட்டிலும் பள்ளியிலும் பங்கிலும் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். "பேச்சுத் திறன் மிக்கவர்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்பு மேசையில் இரண்டு நாள்கள் பணியாற்றி, வருகை தந்தோரின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினேன்." மளிகைக் கடைக்காரரின் மகள் இவ்வாறு எழுதலாம்: "தந்தையாரின் கடைக்கு மாலை வேளைகளில் தொலைபேசியில் வரும் ஆர்டர்களை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்து வருகிறேன்." இவை சிறு வேலைகளே எனினும் உண்மையானவை, இவ்வேலைக்கு நேராக உதவுபவை.

ஊர் அறிவும் ஒரு திறமையே. நம் நகரின் வீதிகள் சிலவற்றுக்குப் பிரெஞ்சுப் பெயரும் உண்டு. தமிழ்ப் பெயரும் உண்டு. அழைப்பவர் எதைச் சொன்னாலும் இடம் புரியுமானால் அதை ஒரு வரியாக எழுதலாம். ஆங்கில எழுத்துகளை ஆல்பா, பிராவோ, சார்லி என்று சொல்லும் முறை 1956 முதல் விமானப் போக்குவரத்தில் வழங்கி வருகிறது. 'பி', 'டி' போன்ற எழுத்துகள் காதில் குழம்பாதிருக்க அது உதவும். ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கற்ற பின் எழுதுவோம். கற்குமுன் எழுத வேண்டாம்.

6. நற்சான்று தருவோர்: நம்மை அறிந்த ஆசிரியை ஒருவர், பங்குத் தந்தை போன்ற பெரியவர் ஒருவர் என இருவர் போதும். முன்னதாக அவர்களிடம் அனுமதி பெறுவது மரியாதை.

இவை அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். தனியார் வேலைக்கான குறிப்பில் ஆதார் எண்ணோ, சாதியோ, பெற்றோரின் வருமானமோ தேவையில்லை. அரசு வேலையாயின் விண்ணப்பப் படிவம் கேட்பதை உள்ளபடியே நிரப்ப வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இப்பணி பல இடங்களில் இரவு முறையையும் உள்ளடக்கியது. மகளை வேண்டாம் என்று தடுப்பதற்கு முன், பணி நேரம் என்ன, வீடு திரும்ப வாகன வசதி உண்டா, எழுத்து வடிவில் நியமன ஆணை தருவார்களா என்று கேட்டறியுங்கள். வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். நேர்மையான நிறுவனம் வேலைக்குச் சம்பளம் தரும். வேலை தருவதற்குப் பணம் வாங்காது.

பயிற்சிகள்

1. தோழி ஒருத்தி தொலைபேசியில் பத்துப் பெயர்களையும் பத்து எண்களையும் ஒரே ஒருமுறை சொல்லட்டும். எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். எத்தனை சரி என்று குறித்து வையுங்கள்.

2. உங்கள் குறிப்பிலுள்ள ஒவ்வொரு வரியையும் படித்து, "இதை இப்போதே செய்து காட்டு" என்று உங்களையே கேளுங்கள். காட்ட இயலாத வரியை அடித்துவிடுங்கள்.

3. எஞ்சிய வரிகள் குறைவாக இருந்தால் வருந்த வேண்டாம். இவ்வாண்டில் கற்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்துகொண்டு நாளையே தொடங்குங்கள்.

நம் விண்ணப்பத்தில் இருப்பவை ஐந்தே வரிகள் ஆகட்டும். ஐந்தும் உண்மையாக இருக்கட்டும். அவ்வைந்து வரிகளை நம்பி நம்மை அழைப்பவருக்கு, நம் குரல் அவற்றை மெய்ப்பித்துக் காட்டும்.