மேல் பெட்டிக்குத் தேனீ ஏற மறுக்கிறதா?

கீழே புழு அறை நிறைய ஈ இருக்கும். மேலே புதிதாக வைத்த தேன் அறையில் எறும்புகூட எட்டிப் பார்த்திருக்காது. வீட்டில் பெட்டி வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய கவலை. கீழே உள்ள குறிப்புகள் நம் ஊர் இந்தியத் தேனீக்கானவை. இதையே பொந்துத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். பெட்டி, 1910-களில் பாதிரியார் நியூட்டன் இந்த ஈக்கென்றே வடிவமைத்த சிறிய பெட்டி. இத்தாலியத் தேனீயின் பெரிய பெட்டிக்கு அளவும் பழக்கமும் வேறு.

1. முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். புழு அறையின் எல்லாச் சட்டங்களிலும் இருபுறமும் ஈ மொய்த்திருக்க வேண்டும். நான்கைந்து சட்டத்தில் மட்டும் ஈ இருந்தால் மேல் பெட்டி வேண்டாம். புழுக்கள் வளரும் இடத்தை 34, 35 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பதே ஈக்களுக்குப் பெரிய வேலை. ஆள் குறைந்த வீட்டுக்கு ஒரு வெற்று மாடியும் சேர்ந்தால், காவல் காக்கவும் சூடு காக்கவும் இடம்தான் கூடும்.

2. கீழ்ச் சட்டங்களின் மேல்கட்டை ஓரமாகப் பார்வையை ஓட்டுங்கள். பழைய அடை பழுப்பாக இருக்கும். அதன் விளிம்பில் பால் வெள்ளையாகப் புது மெழுகு தெரிந்தால் தேன் வரத்து தொடங்கிவிட்டது. கட்டும் வயதில் ஈக்களும் இருக்கின்றன. தேன் அறை வைக்க அதுதான் நேரம். நாட்காட்டியைவிட இந்த வெள்ளைக் கோட்டைத்தான் நம்பலாம்.

3. ஆனாலும் பருவம் தெரிந்திருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வரத்து. அங்கே தேன் பூவிலிருந்து அல்ல, இளம் இலைக்காம்பின் சுரப்பிகளிலிருந்து கிடைக்கிறது. உங்கள் ஊரில் அது புளியாக இருக்கலாம், புங்கமாக இருக்கலாம், தென்னையாக இருக்கலாம். மழையும் பஞ்சமுமான மாதங்களில் பெட்டியை உயர்த்தி ஒரு பலனும் இல்லை. முட்டை ஈயாக வெளிவர ஏறத்தாழ 3 வாரம், அது வயலுக்குப் போக இன்னும் 2, 3 வாரம் ஆகும். ஆகவே கூட்டத்தைப் பெருக்கும் வேலையைப் பூக்காலத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

4. அதற்குச் சர்க்கரைப் பாகு உதவும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கொதித்த நீரில் கரைத்து நன்றாக ஆறவைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சிரட்டையில் ஊற்றினால் நாலு ஈர்க்குச்சி போடுங்கள். இல்லாவிட்டால் ஈ மூழ்கிச் சாகும். கருப்பட்டி, வெல்லம் வேண்டாம். ஈயின் வயிற்றுக்கு ஆகாது. தேன் அறை ஏற்றியதும் பாகை நிறுத்திவிடுங்கள். பிறகும் ஊற்றினால் மேலே சேர்வது தேன் அல்ல, உங்கள் வீட்டுச் சர்க்கரைதான்.

5. வெற்றுச் சட்டங்களை மட்டும் அடுக்கிவிட்டு ஈ ஏறும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்வது. ஏறிவர ஒரு பிடிமானம் கொடுங்கள். போன பருவத்தில் தேன் எடுத்துவிட்டுப் பத்திரப்படுத்திய அடைச்சட்டம் ஒன்று இருந்தால் தேன் அறையின் நடுவில் வையுங்கள். இதற்கு இணையான வழி வேறில்லை.

இல்லையென்றால் கீழ் அடையில் புழு இல்லாத ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, தேன் சட்டத்தின் மேல்கட்டையை ஒட்டினாற்போல் வைத்து வாழை நாரால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். அடை எப்படித் தொங்கியதோ, தலைகீழாகாமல் அதே நிலையில் இருக்கட்டும். ஈக்கள் இரண்டு மூன்று நாளில் அதைக் கட்டையோடு மெழுகால் ஒட்டிவிடும். அப்புறம் நாரைக் கடித்துத் துண்டு துண்டாக்கி வாசலுக்கு இழுத்து வரும். வாசற்பலகையில் நார்த்தும்பு கிடந்தால், மேலே வேலை நடக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை.

6. அடுத்தவர் பெட்டியிலிருந்து அடை வாங்குவதானால் அந்தப் பெட்டியில் நோயில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் எத்தனையோ பெட்டிகளைக் காலியாக்கியது. புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி நீண்டு செத்துக் கிடந்தால் அந்த அடையைத் தொடாதீர்கள்.

7. மெழுகுத்தாள் வாங்கும்போது இந்தியத் தேனீக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். இத்தாலியத் தேனீயின் தாளில் அறைகள் பெரியவை.

8. புதுப்பெட்டிக்குள் பெயின்ட், வார்னிஷ் கூடாது. வெளிப்புறம் மட்டும் பூசி, வாடை போகும்வரை நிழலில் காற்றாட வையுங்கள். உள்பக்கம் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கித் தடவினால் போதும்.

9. சட்டங்களை முழு எண்ணிக்கையில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த இடைவெளியில் குறுக்கே அடை கட்டிவிடும். பிறகு எந்தச் சட்டத்தையும் உருவ முடியாது.

10. ராணித் தடுப்புத் தகடு போட்டிருந்தால் கொஞ்ச நாள் எடுத்துவையுங்கள். மேலே அடை வளரத் தொடங்கிய பிறகு, ராணி கீழேதான் இருக்கிறது என்று பார்த்துத் திரும்பப் போடலாம். வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவருக்கு அந்தத் தகடே அவசியமில்லை என்பது என் கட்சி.

11. கீழ் அடைகளின் அடி விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்குகின்றனவா? அப்படியானால் கூட்டம் பிரிந்து போகத் தீர்மானித்துவிட்டது. இப்போது மேல் பெட்டி வைத்து அதைத் தடுக்க முடியாது. இந்தியத் தேனீ இந்த விஷயத்தில் பிடிவாதக்காரி. பழைய ராணியையும் புழு அடை இரண்டு மூன்றையும் வேறு பெட்டிக்கு மாற்றி, நீங்களே குடும்பத்தைப் பிரித்துவிடுங்கள். தேன் கொஞ்சம் குறையும். கூட்டம் கைவிட்டுப் போகாது.

12. மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில் தேன் அறைதான் முதலில் கொதிக்கும். மேலே ஓலை போடுங்கள். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள். பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களுக்கு அடியில், எறும்பைத் தடுக்கும் தண்ணீர்க் கிண்ணம் காயாமல் இருக்கட்டும். எறும்பு ஏறினால் ஈக்கள் மொத்தக் கூட்டையே விட்டு ஓடிவிடும்.

13. தினமும் திறந்து பார்க்காதீர்கள். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை இளவெயிலில், தேங்காய்ச் சவுரிப் புகை இரண்டு ஊது ஊதி, சட்டென்று பார்த்து மூடிவிடுங்கள்.

14. முதல் தேன் அறையில் முக்கால்வாசி நிறைந்து, மேலோரம் மெழுகால் மூட ஆரம்பித்ததும் இரண்டாவது பெட்டியைத் தரலாம். அதை உச்சியில் வைக்காமல் புழு அறைக்கும் நிறைந்த பெட்டிக்கும் நடுவில் செருகுங்கள். மேலே தேன், கீழே புழு. இரண்டுக்கும் இடையில் போய்வரும் ஈ புது அடையைக் கடந்தே ஆக வேண்டும்.

15. பருவம் முடிந்தும் மேல் பெட்டி காலியாகவே நின்றால் உடனே இறக்கிவிடுங்கள். ஈ மொய்க்காத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டால், சில வாரத்தில் வலையும் எச்சமும்தான் மிஞ்சும். இறக்கிய அடைச்சட்டங்களைத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். அடுத்த பருவத்துக்கு ஐந்தாவது குறிப்பில் சொன்ன நடுச்சட்டம் இதுதான்.