கணிப்பு தவறும் இடத்தில்



முன்கணிப்பும் கட்டுப்பாட்டியலும் சேர்ந்த துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா என்று யோசிக்கிறாய், தங்கையே. கணிப்பு மட்டும் போதாதா என்ற தயக்கமும் உனக்கு இருக்கிறது. கணிப்பு தவறினால் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் இத்துறையின் உயிரே இருக்கிறது என்பேன். முதல் வகை நீரிழிவுக்கான செயற்கைக் கணையத்தை எடுத்துக்கொள். தோலடியில் செருகிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்லும். அதற்கேற்ப பம்ப் இன்சுலின் செலுத்தும். ஆனால் அந்த இன்சுலின் முழு வேகத்தில் வேலை செய்ய ஒரு மணி நேரம்போல ஆகிவிடும். கூடிப்போனால் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே இப்போதைய அளவை மட்டும் நம்பினால் காலம் கடந்துவிடும். வரப்போகும் சர்க்கரை அளவைப் பார்த்தே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சர்க்கரை அளவோ சாப்பாடு, நடை, காய்ச்சல் என்று எதனாலும் மாறக்கூடியது.

1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வளர்ந்த ஒரு முறை இங்கே கைகொடுத்தது. அடுத்த சில மணி நேரத்தை உடலின் கணித மாதிரியில் ஓட்டிப் பார்த்து மருந்தளவுகளை வரிசையாக வகுக்க வேண்டும்; முதலாவதை மட்டும் கொடுக்க வேண்டும்; சென்சார் அடுத்த அளவைச் சொன்னதும் மிச்சத்தைத் தள்ளிவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும். கணிப்பு பிழைபடும் என்று ஒப்புக்கொண்டே கட்டிய முறை இது. அதன் அழகும் அதுதான். கேம்பிரிட்ஜில் ரோமன் ஹோவோர்கா குழு இவ்வழியில் உருவாக்கிய நிரல் இன்று நோயாளிகளின் கைபேசியிலேயே ஓடுகிறது. இத்தகைய நிரல்களைச் சோதிக்க வர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் கணினிக்குள் உருவாக்கிய நோயாளிகளை, விலங்குச் சோதனைக்கு ஈடாக 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது.

தரவைக் கொட்டினால் இயந்திரக் கற்றல் இதையெல்லாம் தானே கற்றுக்கொள்ளாதா என்பாய். நியாயமான கேள்வி. ஆனால் பம்ப் ஓடும் உடலில் சர்க்கரை ஏறும்போதெல்லாம் இன்சுலினும் ஏறுகிறது. தொடர்பை மட்டும் கற்கும் நிரல், இன்சுலின்தான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று முடிவுகட்டிவிடலாம். சரிபார்ப்பதற்காக வேண்டுமென்றே தவறான அளவைக் கொடுக்கவும் முடியாது. உடலியல் அறிவையும் கற்றலையும் எப்படி இணைப்பது? கணிப்பு எவ்வளவு தவறினாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று எப்படி நிறுவுவது? ஆய்வுக்கு இடம் இங்கே நிறைய இருக்கிறது. கணிதம் மிரட்டுமே என்றால், மிரட்டும்தான். ஆனால் ஒரு உடலையோ உலையையோ ஆழமாக அறிந்தபின் சமன்பாடு அதைப் பற்றிய பேச்சாகவே தெரியும்.

எங்கே சேர்வது என்றால், மும்பை ஐஐடியில் இத்துறைக்கென்றே தனி மையம் உண்டு. பிற இடங்களில் வேதிப்பொறியியல், மின்னியல், விண்ணூர்தித் துறைகளில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே துறையின் பெயரைப் பார்க்காதே; வழிகாட்டியின் அண்மைக் கட்டுரைகளைப் படி. தன் மாதிரி எங்கே தோற்றது என்று அவர் எழுதியிருந்தால், அவருக்கு முதலில் கடிதம் போடு.