அம்பத்தூர் தண்ணிக்கு எந்தக் கெளுத்தி?

கொளத்தூர் கலர் மீன் கடைகளில் புதுத் தொட்டி வாங்குகிறவருக்கு, பணம் கொடுக்கும் நேரத்தில் ஒரு யோசனை இலவசமாகக் கிடைக்கும்: “ஒரு டேங்க் கிளீனர் போட்டுக்கோங்க சார், அழுக்கை அதுவே பாத்துக்கும்.” கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு விரல் நீளத்தில் கிடக்கும் அந்தக் கறுப்பு மீன்தான் சக்கர். தென் அமெரிக்கக் கெளுத்தி. ஒன்றரை அடி வரை வளரும். நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டடித் தொட்டி. சின்ன வயதில் பாசியை மேயும், உண்மைதான். கூடவே சாண் நீளத்துக்குக் கழிவும் போடும். அதை யார் சுத்தம் செய்வது?

வளர்ந்த சக்கரைத் தொட்டியில் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விடுகிறவர்களும் உண்டு. அந்த வேலை கூடவே கூடாது. தமிழக நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைகிறது, முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. வீட்டில் பெரிதாகிவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் வராது, மீனை வாங்கிக்கொள்வார்கள்.

அதற்காகக் கெளுத்தியே வேண்டாம் என்றில்லை. பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் மேல்தளத்தைக் கப்பியும் நடுவை டெட்ராவும் எடுத்துக்கொள்ள, அடித்தளம் வெறிச்சோடிக் கிடக்கும். மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு திரியும் சின்னக் கெளுத்திகள்தான் அங்கே களை கட்டும். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர் பார்க்க வேண்டிய வரிசை வேறு: முதலில் தண்ணீர், அடுத்து வெயில், பிறகு ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் மீன். அழகு கடைசி.

தண்ணீரை அளந்துவிட்டுத் தொடங்குங்கள். பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். போர் தண்ணீர், லாரி தண்ணீர், மெட்ரோ தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலக்கும் அடுக்குமாடி என்றால் ஒரு வாரம் தினமும் அளக்க வேண்டும். இன்றைக்கு 500 காட்டுவது நாளைக்கு 1200 காட்டலாம். பல கெளுத்திகள் கடினத் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். திடீர் மாற்றத்தைப் பொறுக்காது. எனவே 300, 400 என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். போர் தண்ணீர் 1200, ஆர்ஓ தண்ணீர் 50 என்றால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் ஏறக்குறைய 340 வரும். கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் தப்பு. அதில் தாது குறைவு, அமிலத்தன்மை நிலையாக நிற்காது. மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றக் கூடாது.

அடுத்தது வெயில். பெரும்பாலான புத்தகங்கள் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு அந்தக் கவலை மார்கழி இரவுகளில் மட்டும். கத்திரி வெயிலில், அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டுவிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறையும். கரண்ட் போனால் அடித்தளத்தில் இருக்கும் மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது விலை உயர்ந்த மீன் வாங்குவதைவிட முக்கியம். தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீர்மேல் படும்படி டேபிள் ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி குறையும். ஆவியான அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்தால் பட்டியல் தானே சுருங்கும். கோரிடோராஸ் கெளுத்திகளில் புள்ளி போட்ட ‘பெப்பர்’ கோரி மலிவு, எங்கும் கிடைக்கும். டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்து, 1842இல் ஜெனின்ஸ் பெயரிட்ட மீன் அது. தென் அமெரிக்காவின் குளிர்ச்சியான ஆறுகளைச் சேர்ந்தது. 25 டிகிரிக்கு மேல் திணறும். பாண்டா கோரியும் அப்படியே. இரண்டையும் விட்டுவிடுங்கள். வெண்கல நிறக் கோரி ஓரளவு தாங்கும். என் ஓட்டு ஸ்டெர்பாய் கோரிக்கு: விலை கூடுதல், ஆனால் 28 டிகிரியில் சுகமாக இருக்கும், ஓரிரு டிகிரி ஏறினாலும் சமாளிக்கும். எந்தக் கோரியானாலும் ஆறு மீன்களாவது சேர்த்து வாங்க வேண்டும். ஒற்றைக் கோரி மூலையில் பதுங்கியே காலம் தள்ளும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி பெயருக்கு 56 லிட்டர், மணலும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான். அதில் ஆறு கோரி, பத்துச் சிறு மீன், அவ்வளவுதான்.

பாசி தின்னத்தான் மீன் வேண்டும் என்றால் சக்கருக்குப் பதில் பிரிஸ்டில்நோஸ். ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். ஆணின் மூக்கில் புதர் போல முள்மீசை வரும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும், ஒளிந்துகொள்ளக் கட்டையோ சட்டியோ வேண்டும். ஒட்டோ கெளுத்தி அழகுதான், ஆனால் கடைக்கு வரும்போதே பட்டினி கிடந்து வரும்; ஆறு மாதமாவது ஓடிய பழைய தொட்டி இல்லாதவர் தொடாமல் இருப்பது நல்லது.

இனி கூட்டாளிகள். கோல்டு ஃபிஷ் தொட்டியில் எதையும் விட வேண்டாம். ஒட்டுவாய் மீன் அதன் உடல் வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்கும். மோலிக்காகக் கல் உப்பு போடும் பழக்கம் இருந்தால் கோரிக்கு அங்கே இடமில்லை. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் இருந்தால் கோரி வாங்குவது தீனி வாங்குவதற்குச் சமம். நியான் டெட்ரா இருக்கும் இடத்தில் பிக்டஸ் கெளுத்தியை விட்டால் காலையில் டெட்ராவை எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவருக்கு மட்டும் நம் ஊர்க் கடினத் தண்ணீர் வரம். புள்ளிச் சினோடான்டிஸ் அங்கே பொருந்தும். டாங்கனிக்கா ஏரியில் குயில் மாதிரி தன் முட்டையை சிக்லிட்டின் முட்டைகளோடு கலந்துவிட்டு, வளர்க்கும் வேலையை அதன் தலையில் கட்டும் மீன் அது. ‘ஷார்க்’ என்று விற்கும் வெள்ளிநிறக் குட்டிகள் சுறா அல்ல, ஓட்டல் தட்டில் பாசா என்று வருகிற அதே கெளுத்தி இனம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும்.

மீன் வாங்கும் முன் மணல். வீடு கட்ட வந்த எம்-சாண்ட் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். அது உடைத்த கருங்கல். துளி எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் கூர்மை தெரியும். கோரியின் மீசை அதில் தேய்ந்து மொட்டையாகிவிடும். உருண்டை மணிகளாக உள்ள ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை கழுவி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள்.

ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயிலில் வில்லிவாக்கம் இறங்கினால் கொளத்தூர் பக்கம்தான். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். மீசை முழுசாக இருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்பு உண்டா என்று பாருங்கள். கோரி அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கும். குடலால் சுவாசிக்கும் இயல்பு அது. ஓயாமல் அதையே செய்தால் அந்தத் தொட்டி மீன் வேண்டாம். பிடிக்கும்போது முள் வலையில் மாட்டும், இழுத்தால் துடுப்பு கிழியும். டப்பாவால் மொண்டு தரச் சொல்லுங்கள். கவரில் மற்ற மீன்களோடு கலக்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கவரை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் சாக்கடைக்கு. மேலே மிதக்கும் தீனியில் கெளுத்திக்குப் பங்கு வராது. விளக்கை அணைத்தபின் மூழ்கும் குருணை போடுங்கள். பிரிஸ்டில்நோஸுக்கு வெள்ளரித் துண்டு, மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எப்போதாவது வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், மற்ற மீனுக்குப் போடும் மருந்தில் பாதி அளவில் தொடங்குங்கள். தாமிரம் கலந்த மருந்தைக் கெளுத்தி இருக்கும் தொட்டியில் போடவே வேண்டாம்.