பனி கொண்ட ஊர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தைக் கிழக்கு மேற்காகப் பிரித்து நிற்பது கேஸ்கேட் மலைத்தொடர். அடர்ந்த ஊசியிலைக் காடுகளும் கடும்பனியும் உடைய அம்மலையில் வெலிங்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. உழவோ சந்தையோ அவ்வூரை உருவாக்கவில்லை, தொடர்வண்டியே உருவாக்கியது.

ஜேம்ஸ் ஹில் என்பவரின் தலைமையில் இயங்கிய கிரேட் நார்தர்ன் இருப்புப்பாதை நிறுவனம், 1893ஆம் ஆண்டில் இம்மலையைக் கடந்து சியாட்டில் நகரை எட்டியது. தொடக்கத்தில் வண்டிகள் மலைச்சரிவில் முன்னும் பின்னுமாக வளைந்து வளைந்து ஏறின. அத்துன்பத்தைத் தவிர்க்க, ஏறத்தாழ 4.2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 1900இல் திறக்கப்பட்டது. அதன் மேற்கு வாயிலில் அமைந்ததே வெலிங்டன். நிலையம், விடுதி, பணியாளர் குடியிருப்புகள், பொறிவண்டிக் கொட்டகை ஆகியவையே ஊர். நீராவிப் பொறிகளின் புகை சுரங்கத்துள் தேங்கி மூச்சைத் திணறடித்ததால், 1909இல் அங்கு மின்பொறிகள் இயங்கத் தொடங்கின.

ஒன்பது நாள் பனி

1910 பிப்ரவரி இறுதியில் ஸ்போகேன் நகரிலிருந்து சியாட்டில் நோக்கிச் சென்ற பயணியர் வண்டியும் அஞ்சல் வண்டியும் பனிப்புயலில் சிக்கின. சுரங்கத்தின் கிழக்கு வாயிலருகே காத்திருந்து, பின்னர் சுரங்கத்தைக் கடந்து வெலிங்டனில் நின்றன. அவை புறப்பட்ட பின், பயணியர் உணவருந்திய சமையற்கூடத்தைப் பனிச்சரிவு அழித்தது. அங்கிருந்த இருவர் மாண்டனர். அது ஓர் எச்சரிக்கை. ஆயினும் முன்செல்ல வழியில்லை. பனியகற்றும் சுழல்பொறிகள் ஒவ்வொன்றாக முடங்கின, நிலக்கரி தீர்ந்தது, தந்திக் கம்பிகள் அறுந்தன. ஒரே நாளில் 11 அடிப் பனி பொழிந்ததும் உண்டு.

வண்டிகளைச் சுரங்கத்துள் கொண்டு நிறுத்துமாறு பயணியர் சிலர் வேண்டினர். உள்ளே குளிரும் புகையும் மிகும் என்று அதிகாரிகள் மறுத்தனர். அம்மறுப்பை இன்று குறைகூறுவது எளிது. அன்று அவர்கள் முன் நின்றவை இரண்டு இடர்கள். கண்ணுக்குத் தெரிந்த இடரை அவர்கள் அஞ்சினர். துணிந்த சிலர் மட்டும் பனியில் நடந்தே மலையிறங்கித் தப்பினர்.

பிப்ரவரி 28 இரவில் பனி மழையாக மாறியது. இடியும் மின்னலும் சேர்ந்தன. நள்ளிரவு கடந்து, மார்ச் 1ஆம் நாள், வின்டி மலையின் சரிவிலிருந்து ஏறத்தாழ அரைமைல் நீளமும் 10 அடி உயரமும் உடைய பனிப்பாளம் பெயர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு இரு வண்டிகளும் 150 அடி கீழே டை ஆற்றுப் பள்ளத்தில் எறியப்பட்டன. மாண்டவர் 96 பேர். பிழைத்தவர் 23 பேர். மாண்டவருள் பெரும்பாலோர் இருப்புப்பாதைப் பணியாளர்கள். இறுதி உடல் பனி உருகிய கோடையில், சூலையில்தான் கிடைத்தது.

மரம் இழந்த சரிவு

அச்சரிவு ஏன் பெயர்ந்தது? மலைச்சரிவில் நிற்கும் மரம் வெறும் மரமன்று. அதன் கிளைகள் பொழியும் பனியைத் தாங்கிச் சிதறச் செய்கின்றன. அடிமரங்கள் பனிப்படலம் நழுவாதவாறு முளைகளைப்போல் பிடித்து நிற்கின்றன. வெலிங்டனுக்கு மேலிருந்த சரிவிலோ அக்காவல் இல்லை. பொறிவண்டிகளின் தீப்பொறியால் மூண்ட காட்டுத்தீயும் மரவெட்டும் அதை மொட்டையாக்கியிருந்தன. காட்டின் நடுவே ஊர் இருந்தும், ஊருக்கு மேலே காடு இல்லை.

வழக்கு நீதிமன்றம் சென்றது. இறந்தவர் ஒருவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்குமாறு கீழமை நீதிமன்ற நடுவர் குழு முடிவுசெய்தது. மாநில உச்ச நீதிமன்றமோ நிகழ்ந்தது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது எனக் கருதி நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சரிவு மொட்டையானதில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு என்பதை எண்ணினால், அத்தீர்ப்பை அமைதியாகப் படிக்க இயலாது.

நிறுவனம் செய்தது வேறு. வெலிங்டன் என்ற பெயரே பயணியரை அச்சுறுத்தியதால், அதே ஆண்டில் ஊர் 'டை' எனப் பெயர்மாற்றம் பெற்றது. பாதையின்மேல் பனியைத் தாங்கும் கற்காரைக் கூரைகள் எழுந்தன. 1929இல், மலையின் தாழ்ந்த பகுதியில், ஏறத்தாழ 12.5 கிலோமீட்டர் நீளப் புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. பழைய பாதை கைவிடப்பட்டது. வண்டி வராத ஊரில் தங்குவதற்கு எவருக்கும் காரணமில்லை, ஊரும் கலைந்தது.

இன்று பழைய தடம் 'அயர்ன் கோட்' என்னும் நடைபாதையாக உள்ளது. சுரங்கத்தின் வாயிலும் நீண்ட கற்காரைக் கூரையும் எஞ்சியுள்ளன. அன்று மொட்டையாயிருந்த சரிவில் மரங்கள் மீண்டும் நெருங்கி வளர்ந்து நிற்கின்றன.