சிதார் இருந்தால் போதுமா?

கேள்வி: 1960-களின் ராக் குழுக்களில் நம் இசையை உண்மையாக உள்வாங்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்களா, அமெரிக்கர்களா?
– வாசகர், கல்லாவி

பதில்: பலரும் உடனே பீட்டில்ஸ் என்பார்கள். 1965-இல் 'நார்வேஜியன் வுட்' பாடலில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்தார் அல்லவா! ஆனால் அந்தச் சிதார் வாசிப்பது கிட்டாரிலும் வாசித்துவிடக்கூடிய மெட்டைத்தான். மறு ஆண்டு அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழு வெளியிட்ட 'எய்ட் மைல்ஸ் ஹை' பாடலில் சிதாரே கிடையாது, பன்னிரண்டு தந்தி கிட்டார்தான். ஆனால் ரவிசங்கரையும் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் கேட்டு ஊறிய அக்குழுவின் கிட்டார் கலைஞர் மெக்வின், மெட்டின் கரையைத் தாண்டி ஆலாபனைபோல அலைகிறார். நம் இசையின் உயிர் எனக்கு அங்கேதான் முதலில் கேட்கிறது. சிதார் இல்லாமல் அது எப்படி நம் இசை என்று நீங்கள் கேட்கலாம். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே? பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று அது கமகம் பேசுகிறது. கருவியின் பிறந்த ஊரை வைத்து இசையை அளக்க முடியாது.

அதற்காக ஹாரிசனைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். 1966-இல் 'லவ் யூ டு' பாடலை ஆலாபனையில் தொடங்கி, பிறகு தபலாவைச் சேர்த்தார். அதாவது கருவியிலிருந்து வடிவத்துக்கு நகர்ந்தார். ரவிசங்கரிடமே மாணவராக அமர்ந்தார். 1968 ஜனவரியில் பம்பாய்க்கே வந்து, சரோட், புல்லாங்குழல், பக்வாஜ் வாசிக்கும் நம் கலைஞர்களை வைத்து 'தி இன்னர் லைட்' பாடலின் இசையைப் பதிவுசெய்தார். பேர்ட்ஸ் குழுவினர் அந்த அளவுக்கு வரவில்லை.