கெஸல் வச்சிருக்கீங்களா? பட்டியல் போடுங்க!

1970-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் கெஸல் காரை இன்று சாலையில் பார்ப்பதே அபூர்வம். உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு பதிவேடு நடத்தினால் உதிரி பாகம் தேடுவது எளிது. செல்போனில் ஒரு ஷீட் போதும்.

முதல் கட்டத்தில் பதிவெண்ணை எழுதாதீங்க. சேசிஸ் எண்ணை எழுதுங்க. வண்டி வேறு மாநிலம் போனால் பதிவெண் மாறிடும், சேசிஸ் எண் மாறாது. என்ஜின் எண்ணுக்குத் தனிக் கட்டம். பழைய வண்டியில் என்ஜினையே மாற்றியிருப்பாங்க. வண்டி கைமாறினால் பழைய பெயரை அழிக்காமல், தேதியோடு கீழே சேருங்க. காயலான் கடைக்குப் போன வண்டியையும் நீக்காதீங்க. அதே சேசிஸ் எண்ணோடு வேறொரு வண்டி விற்பனைக்கு வந்தால், மோசடியைக் காட்டிக்கொடுப்பது அந்த வரிதான்.

தயாரிப்பு ஆண்டும் முக்கியம். 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத கார் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். பரிவாகன் தளத்தில் படிவம் 20. புதுப் பதிவுக்கு ரூ.20,000, 10 ஆண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ அனுமதி கிடையாது. கெஸல்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த வயசுக்கு வருது.

ஆர்.சி. படத்தை மட்டும் குரூப்பில் போடாதீங்க, அதில் உங்க வீட்டு முகவரி இருக்கு.