எல்.ஐ.சி. கட்டடம்: ஓர் அடையாளம்

கட்டுமாவடிக் கடலில் வலை வீசும் என் தந்தையார், கரையில் உயர்ந்து தெரியும் மரங்களை அடையாளம் வைத்தே ஊர் திரும்புவார். சென்னை அண்ணா சாலையில் முதன்முதலாக நின்றபோது நானும் அத்தகைய அடையாளத்தையே தேடினேன்; எல்.ஐ.சி. கட்டடம் கண்ணில் பட்டது.

1953-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே விமான விபத்தில் மறைந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. ஆகவே 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது, 177 அடி உயர்ந்த அக்கட்டடம் அரசு நிறுவனத்தின் உடைமை! தொடங்கியவர் அதைப் பார்க்கவில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

1975-இல் தீப்பிடித்தும் நிலைத்தது. இன்று சென்னையில் அதனினும் உயர்ந்தவை பல. கண்ணாடி போர்த்திய அவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய என்னால் இயலவில்லை. எல்.ஐ.சி.யோ, அருகிலுள்ள மெட்ரோ நிலையத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கிறது.